நம் வண்டி, நம் கை – 9: பின்சக்கரத்து பிரேக் ஷூ

போன வாரம் செயினை இறுக்கிய ஸ்பேனர்களே இந்த வாரத்துக்கும் போதும். 100 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றின் பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக்தான். ஒரு ஜோடி ஷூவின் விலை சில நூறு ரூபாய். மாற்றக் கூலியும் பெரிய தொகை இல்லை. உண்மையில் பணம் மிச்சமாவது கூலியில் அல்ல, தேய்மானத்தை நாமே முன்கூட்டிப் பார்த்துவிடுவதில். லைனிங் தீர்ந்த பிறகும் ஓட்டினால் ஷூவின் உலோகம் டிரம்மைச் சுரண்டும். டிரம், ஹப்போடு சேர்த்து வார்க்கப்பட்டது. அதில் ஆழமாகப் பள்ளம் விழுந்தால் ஹப்பை மாற்றி, போக்ஸ் கம்பி கோத்து, கோட்டம் எடுக்க வேண்டும். அலாய் வீல் என்றால் சக்கரமே போச்சு.

பார்ப்பதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. பல வண்டிகளில் பிரேக் தட்டில் ஒரு குறியும், அதன்மேல் அசையும் ஓர் அம்பும் இருக்கும். பெடலை முழுக்க மிதிக்கும்போது இரண்டும் நேராக வந்தால் ஷூவின் ஆயுள் முடிந்தது. இந்த நிலையில் சில பட்டறைகளில் பிரேக் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி, "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ணே" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, ஓடும் வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

சக்கரத்தைக் கழற்றியதும் டிரம்முக்குள் கறுப்புத் தூசி இருக்கும். வாயால் ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அது நுரையீரல் புற்றுநோய் தரும் பொருள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோடு சேர்த்து மடக்கினால் கழன்றுவிடும். புதியதை மாட்டும் முன் கேமில் மெல்லிசாக கிரீஸ் தடவலாம். லைனிங்கில் மட்டும் படவே கூடாது.

மாட்டும்போது நான் மிகவும் அஞ்சுவது ஒரே இடத்துக்குத்தான்: பிரேக் தட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் டார்க் ஆர்ம். அதன் நட்டை மறந்தால், முதல் பிரேக்கிலேயே தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பிரேக் கம்பியை முறுக்கி வண்டியைக் கவிழ்த்துவிடும். அதற்குப் பழைய ஸ்பிலிட் பின்னை மறுபடி போடாதீர்கள். புதியது சொற்பக் காசுதான். பெடலை மிதித்துப் பிடித்தபடி ஆக்ஸில் நட்டை இறுக்குங்கள், ஷூ நடுவில் உட்காரும். பெடல் 2 முதல் 3 செ.மீ. இறங்கிய பிறகு பிடித்தால் போதும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் வரும் சிபிஎஸ்ஸில் இதே பெடல் முன்சக்கரத்தையும் பிடிக்கும். அவற்றுக்குக் கையேட்டில் உள்ள முறையையே பின்பற்றுங்கள்.

முதலில் ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டுங்கள். புது லைனிங் டிரம்மோடு படியும்வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும்.

முன்சக்கரத்தில் டிஸ்க் உள்ளவர்கள் இப்போதைக்கு ஹோஸில் கை வைக்க வேண்டாம். காற்று புகுந்தால் லீவர் பஞ்சுபோல அமுங்கும். அதை வெளியேற்றும் முறை அடுத்த வாரம்.