தோட்டத்து வீட்டில் காமிரா எங்கே வைப்பது?

விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற நேரத்தில் இன்றைக்குக் காமிராவைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். விளைந்ததைக் காப்பாற்றுவதும் விவசாயத்தில் சேர்ந்ததுதான். விளைவித்தவர்களைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய காரியம். 2024 நவம்பரில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் பக்கத்தில் சேமலைக்கவுண்டம்பாளையத்துத் தோட்டத்து வீடு ஒன்றில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொலை செய்யப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்தில், தோட்டத்து வீட்டில் தனியாகக் குடியிருந்த வயதான கணவன் மனைவி இரண்டு பேரும் கொலையுண்டு கிடந்தது தெரிய வந்தது. பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தோட்டத்தில் என்று இருக்கிற குடும்பங்களுக்கு இதைக் கேட்டபிறகு தூக்கம் எப்படி வரும்?

ஆகவே மகன் பணம் அனுப்புகிறார், டவுனிலிருந்து ஆள் வந்து நாலு காமிரா மாட்டிவிட்டுப் போகிறார். எங்கே மாட்டுகிறார்? மொட்டை மாடி மூலையில், இருபதடி உயரத்தில். "வீடு, களம், கிணறு, தென்னந்தோப்பு எல்லாமே தெரியுதுங்க" என்று செல்போனில் காட்டுகிறார். நாமும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் அந்தப் படத்தில் ஒரு ஆள் நடந்து வந்தால் எறும்பு மாதிரிதான் தெரிவான். பக்கத்தில் வந்தாலோ உச்சந்தலையும் தலைப்பாகைத் துண்டும்தான் தெரியும். முகம் தெரியாது. பிறகு போலீஸ்காரர் வந்து கேட்டால், "யாரோ ஒருத்தன் வந்தானுங்க" என்பதற்கு மேல் அந்தக் காமிரா ஒன்றும் சொல்லாது.

காமிராவுக்கு நாம் கொடுக்க வேண்டிய வேலை இரண்டு. வருகிறான் என்று உள்ளே இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வந்தவன் இன்னார்தான் என்று பிற்பாடு முகத்தைக் காட்ட வேண்டும். தோட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அதன் வேலை அல்ல.

முகம் தெரிய எவ்வளவு தூரம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற இரண்டு மெகாபிக்சல் காமிராவில் 2.8 மில்லி மீட்டர் லென்ஸ் இருந்தால், அகலமாக எல்லாம் தெரியும். ஆனால் முகம் அடையாளம் தெரிவது சுமார் 10 அடிக்குள்தான். 4 மில்லி மீட்டர் லென்ஸ் என்றால் 15 அடி. 6 மில்லி மீட்டர் என்றால் 25 அடி வரை வரும். ஆனால் பார்க்கிற அகலம் குறுகிவிடும். அகலம் வேண்டுமா, முகம் வேண்டுமா என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நாலு காமிராவும் ஒரே லென்ஸாக வாங்குவது நாலு காலுக்கும் ஒரே செருப்பு வாங்குகிற மாதிரி என்றுதான் சொல்வேன்.

உயரம் எட்டடியிலிருந்து பத்தடி போதும். கைக்கு எட்டக்கூடாது, முகமும் தப்பக்கூடாது.

இனி இடம். ஆள் எங்கெல்லாம் நடக்கலாம் என்று யோசிக்காமல், எங்கே நடந்தே ஆக வேண்டும் என்று யோசியுங்கள். முதலாவது, இட்டேரியிலிருந்து நம் தோட்டத்துக்குள் திரும்புகிற கடவு. வண்டியானாலும் ஆளானாலும் அங்கே திரும்பும்போது வேகம் குறையும். அங்கே ஒரு கல் தூணில் 6 மில்லி மீட்டர் லென்ஸ் காமிரா ஒன்று, தடத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். ஆடு திருடுகிறவன் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருகிறான். ராத்திரியில் எதிரே வருகிற வண்டியின் முகப்பு விளக்கு காமிராவின் கண்ணைக் கூசச் செய்துவிடும், நம்பர் தெரியாது. அதனால் வண்டி வெளியே போகும்போது பின்பக்கத்து நம்பர் படுகிற மாதிரி திருப்பி வைப்பது மேல்.

இரண்டாவது, தலைவாசல். நம் பக்கத்தில் வாசல் கிழக்கே பார்த்துத்தான் பெரும்பாலும் இருக்கும். கதவுக்கு மேலே வைத்துக் கிழக்கே பார்க்கவிட்டால் காலை வெயில் நேரே லென்ஸில் விழும். வருகிறவர் முகம் கருத்துப்போகும். திண்ணையின் தென்கோடித் தூணில் மாட்டி, வடக்கே பார்த்து, கதவைக் குறுக்காகக் காட்டும்படி வையுங்கள். கதவைத் தட்டுகிறவன் பத்தடிக்குள் நிற்பான். ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே ஒதுங்கினாலும் மத்தியானத்தில் உச்சியில்தான் நிற்கும், தாழ்வாரம் அதை மறைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, எல்லோரும் மறந்துபோகிற புடக்காளிப் பக்கம். முன்கதவு தேக்கு, பித்தளைப் பூட்டு. பின்கதவு மட்டும் கரையான் அரித்த மாமரப் பலகை. வருகிறவனுக்கு இது தெரியும். சமையல்கட்டுக் கதவையும், வெளியே மாடிக்குப் போகிற படியையும் ஒன்றாகக் காட்டுகிற மாதிரி ஒரு காமிரா வைத்துவிட்டால் வீடு ஓரளவு கட்டுக்குள் வந்துவிடும். விறகடுப்பு இருந்தால் புகைப்போக்கிக்கு நேரே வைக்காதீர்கள், ஒரு மாதத்தில் லென்ஸில் கரி படிந்துவிடும்.

நான்காவது கட்டுத்தரை அல்லது பட்டி. இங்கே முகத்தைவிட நடமாட்டம் முக்கியம். அகல லென்ஸ் போதும்.

இதே பின்பக்கத்தில்தான் குளிக்கிற இடமும் இருக்கும். வேலைக்கு வருகிற பெண்கள் கைகால் கழுவுவது, உடை மாற்றுவது எல்லாம் அங்கேதான். காமிராவின் பார்வை அந்தப் பக்கம் ஒரு சாண்கூடப் போகக்கூடாது. பக்கத்துத் தோட்டத்தார் வீட்டுப் பக்கமும் அப்படித்தான். பெண்களை அந்தரங்கமான நேரத்தில் படம் பிடித்தால் பாரதிய நியாய சம்ஹிதையின் 77-வது பிரிவுப்படி முதல் தடவைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் சிறை உண்டு. சட்டம் கிடக்கட்டும், நம் வீட்டில் வேலை செய்கிறவர்கள் நம்மை நம்பி வருகிறார்கள். காமிரா எங்கே இருக்கிறது, எது வரை தெரிகிறது என்று அவர்களை நிற்க வைத்துத் திரையில் காட்டிவிடுங்கள்.

ராத்திரிப் படத்துக்கு வருவோம். இருட்டினால் காமிரா நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தைத் தானே வீசிப் பார்க்கும். அந்த வெளிச்சம் பக்கத்தில் இருக்கிற சுண்ணாம்புச் சுவரிலோ ஓட்டுச் சரத்திலோ பட்டுத் திரும்பினால் படம் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து, தூரத்தில் எல்லாம் கும்மிருட்டாகிவிடும். சுவரை விட்டு ஒரு சாண் வெளியே தள்ளி மாட்டச் சொல்லுங்கள். அப்புறம் இந்தச் சிலந்தி! லென்ஸுக்கு முன்னால் ஒரு நூல் கட்டிவிட்டால் போதும், படம் முழுக்க வெள்ளைக் கயிறு ஆடும். வாரம் ஒரு தடவை ஒட்டடைக் குச்சியில் துணி சுற்றித் துடைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. தென்னை மட்டையோ வாழை இலையோ முன்னால் ஆடினாலும் செல்போனில் ஓயாமல் மணி அடிக்கும். நாலு நாள் அடித்தால் அஞ்சாம் நாள் மகன் மணியை நிறுத்திவிடுவார். மனிதர் வந்தால் மட்டும் மணி அடிக்கிற மாதிரியான அமைப்பு இப்போது பல காமிராக்களில் இருக்கிறது. மாட்டுகிறவரிடம் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

பதிவுப் பெட்டியைப் பெரும்பாலான வீடுகளில் டிவிக்குக் கீழே அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்தவன் முதலில் அதைத்தான் பிடுங்கிக்கொண்டு போவான். உள்ளறைப் பரணிலோ பூட்டிய அலமாரியிலோ, காற்று போகிற மாதிரி வையுங்கள். கம்பி வழி இணைப்பு என்றால் பெட்டிக்கும் காமிராவுக்கும் நடுவில் 100 மீட்டருக்கு மேல் இழுக்கக்கூடாது. நாலு காமிரா ராப்பகலாக ஓடினால் ஒரு டெராபைட் வட்டில் ஏறக்குறைய பத்து நாள் படம் தங்கும். பெட்டியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் தேதி தப்பாக இருந்தால் கோர்ட்டில் வீண் வாதத்துக்கு இடம். படம் சாட்சியாகப் போக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். ஆகவே சம்பவம் நடந்துவிட்டால் நீங்களே பெட்டியைத் தொட்டு நோண்டாமல் போலீஸாரிடம் விட்டுவிடுவது நல்லது.

கரண்ட்டும் முக்கியம். வெளியே மீட்டர் பெட்டியில் பியூஸைப் பிடுங்குவது பழைய தந்திரம். வீடு இருண்டதும் பெரியவர் டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே வருவார், வந்தவனுக்கு வேண்டியதும் அதுதான். ஆகவே காமிரா, பதிவுப் பெட்டி, இன்டர்நெட் பெட்டி மூன்றுக்கும் ஒரு சின்ன இன்வர்ட்டர் தனியாக இருக்கட்டும். ஒரு வாசல் விளக்கையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

காமிராவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது திரையை எங்கே வைப்பது என்பது. மகன் பெங்களூரில் இருந்து செல்போனில் பார்ப்பது சரி. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு நாய் குரைத்தால் கட்டிலை விட்டு எழுந்திருப்பது அம்மாதான், மகன் அல்ல. அவர் படுக்கிற கட்டிலுக்கு எதிரே, மூக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்கு ஒரு திரை எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கதவைத் திறக்காமலே வாசல் தெரிய வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அழுத்தினால் சுற்றிலும் விளக்கு எரிந்து, மாடியில் சங்கு ஊத வேண்டும். பக்கத்துத் தோட்டத்தார் போன் நம்பரும், 112-ம் கொட்டை எழுத்தில் சுவரில் எழுதி இருக்கட்டும். நாய் குரைத்தாலும், ஆடு கத்தினாலும், பைப்பில் தண்ணீர் கொட்டினாலும் முதலில் திரை, பிறகு போன். கதவு விடிந்த பிறகுதான் என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்று மோட்டார் ரூமில் செம்புக் கம்பி திருடுபோகிறது என்று பலர் கேட்கிறீர்கள். அங்கே சிம் கார்டு போட்டு, சோலார் தகட்டில் ஓடுகிற காமிரா பயன்படும். தகடு தெற்கே பார்த்துச் சற்றே சாய்வாக, தென்னை நிழல் விழாத இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னாலேயே உங்கள் போனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஆளுக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அமாவாசைக்கு முந்தின ராத்திரி, வாசல் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலிருந்து ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடவிலிருந்து வீடு வரை, பிறகு புடக்காளி வழியாக மாடிப்படி வரை நடக்கட்டும். மறுநாள் அந்தப் படத்தைப் பக்கத்துத் தோட்டத்தாரிடம் காட்டி, இது யார் என்று கேளுங்கள். அவர் பேரைச் சொல்லிவிட்டால் காமிரா சரியான இடத்தில் இருக்கிறது. தெரியவில்லை என்றால், மாட்டின ஆளை மறுபடி கூப்பிட்டு ஏணியைப் போடச் சொல்லுங்கள்.