ஓல்டாம்காரர் கொடுத்த வாக்கு

1899-ம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தில் ஓல்டாம் என்ற பஞ்சாலை நகரில் இடைத்தேர்தல். பிற்காலத்தில் பிரதமரான சர்ச்சிலுக்கு அப்போது வயது 24. தேர்தலில் நின்றார், தோற்றார்.

சில மாதங்களில் தென் ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் சண்டை மூண்டது. 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகையின் யுத்த நிருபராகக் கப்பல் ஏறினார். சம்பளம் மாதம் 250 பவுன்!

நவம்பர் 15-ந் தேதி அவர் சென்ற கவச ரயிலைப் போயர்கள் தாக்கினார்கள். சர்ச்சில் பிடிபட்டார். பிரிட்டோரியாவில் ஒரு பள்ளிக்கூடம்தான் சிறை. டிசம்பர் 12-ந் தேதி இரவு சுவர் ஏறிக் குதித்தார். சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு தப்பினார். உயிரோடோ பிணமாகவோ பிடித்துக் கொடுத்தால் 25 பவுன் பரிசு என்று போயர்கள் அறிவித்தார்கள்.

ஒரே பசி. வழியும் தெரியவில்லை. நள்ளிரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் நிலக்கரிச் சுரங்க மானேஜர். நல்லவேளை, அவர் ஆங்கிலேயர்! சுரங்கத்துக்குள்ளேயே சர்ச்சிலை ஒளித்து வைத்தார். அங்கே எலிகள் மெழுகுவர்த்தியைக்கூட விட்டுவைக்கவில்லை.

சுரங்கத்தில் இறங்க உதவிய என்ஜினீயர் டியூஸ்னாப், ஓல்டாம்காரர்! அடுத்த தடவை ஊரே உங்களுக்குத்தான் ஓட்டுப் போடும் என்று கையை இறுகப் பிடித்துச் சொன்னார். பிறகு சரக்கு ரயிலில் கம்பளி மூட்டைகளுக்கு நடுவே பதுங்கி, சர்ச்சில் எல்லை தாண்டினார்.

1900-ல் மீண்டும் ஓல்டாமில் நின்றார். கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லி, டியூஸ்னாப்பின் பெயரையும் சொன்னார். அவர் மனைவி இதோ மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஜனங்கள் கூவினார்கள்.

ஊரே ஓட்டுப் போட்டுவிடவில்லை. தோற்றவரைவிட 222 ஓட்டுதான் அதிகம். ஆனாலும் சர்ச்சில் பார்லிமெண்டுக்குப் போய்விட்டார்.