ஹோட்டல் வரவேற்பு மேசையும் நேர்முகப் பரீட்சையும்



என்னிடம் கல்வி கற்ற மாணவி ஒருத்தி, க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் கலைப்பிரிவிலே சித்தியெய்தியவள், சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாட் காலை பாடசாலைக்கு வந்து கண்கலங்கி நின்றாள். கரையோரத்து ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சைக்குச் சென்று வந்திருந்தாள். இருபது கேள்விகளுக்குரிய ஆங்கில விடைகளைக் கொப்பி ஒன்றில் எழுதி, மனனஞ் செய்துகொண்டு போயிருந்தாள். ஆனால், முகாமையாளர் கேட்டதோ கொப்பியில் இல்லாத கேள்வி. “இரவு பதினொரு மணி. முன்பதிவு செய்த குடும்பம் ஒன்று குழந்தையுடன் வந்து நிற்கிறது. ஹோட்டலிலோ ஓர் அறைகூட வெறுமையாக இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று அவர் கேட்டாராம். “மன்னிக்க வேண்டும், அறை இல்லை” என்பதற்கு மேல் அவளுக்கு ஒரு சொல்லும் எழவில்லை.

தன்னைத் தோற்கடித்தது ஆங்கிலம் என்று அவள் எண்ணினாள். நான் அவ்வாறு கருதவில்லை. அந்த மேசைக்குப் பின்னால் நின்று செய்யவேண்டிய வேலை யாது என்பதை அவள் ஒருநாளேனும் எண்ணிப்பார்த்தவள் அல்லள். நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வதென்பது, முதற்கண் அந்த வேலையை அறிந்துகொள்வதாகும். அதுபற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

வரவேற்பு மேசையில் நிற்பவரின் கடமை புன்னகையோடு வணக்கங் கூறுவதுடன் முடிந்துவிடுவதில்லை. முன்பதிவுகளைச் சரிபார்த்தல், வருவோரின் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு விபரங்களைப் பதிதல், அறை ஆயத்தமா என்று அறிந்து திறப்பைக் கையளித்தல், முறைப்பாடுகளைக் கேட்டு உரியவரிடம் சேர்த்தல், புறப்படும்போது கணக்குத் தீர்த்தல் ஆகிய யாவும் அவர் பொறுப்பே. பெரும்பாலான ஹோட்டல்களிற் புறப்படுவோர் நண்பகல் 12 மணிக்குள் அறையை ஒப்படைப்பர். புதிதாய் வருவோருக்குப் பிற்பகல் 2 மணிக்கு அறை வழங்கப்படும். இடையிலுள்ள நேரத்திலேயே அறைகள் துப்புரவாக்கப்படுகின்றன. காலை 9 மணிக்கே வந்துவிட்ட விருந்தினருக்கு இந்தக் காரணத்தை அமைதியாக விளக்கி, அவருடைய பொதிகளைப் பத்திரப்படுத்தி, இளைப்பாற ஓரிடங் காட்டத் தெரிந்தவரே இவ்வேலைக்கு உகந்தவர்.

கணக்கும் வேண்டும். மாதம் 10ஆந் திகதி வந்து 13ஆந் திகதி புறப்படுபவருக்கு நான்கு நாட்கள் என்று கணக்கெழுதலாகாது; ஹோட்டல் கணக்கில் அது மூன்று இரவுகள். ஓர் இரவுக்கு 18,000 ரூபாய் வீதம் 54,000 ரூபாய். 10 வீதச் சேவைக் கட்டணம் 5,400 ரூபாய். வரிகள் தவிர மொத்தம் 59,400 ரூபாய். இத்தகைய கணக்குகளை வாயாற் சொல்லிப் பழகுதல் நன்று. காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த கட்டணத்தை ‘ஹாஃப் போர்ட்’ என்றும், மூன்று வேளை உணவுஞ் சேர்ந்ததை ‘ஃபுல் போர்ட்’ என்றும் வழங்குவர். இச்சொற்களை அறியாது பரீட்சைக்குச் செல்லுதல் தகாது.

இனி, அம்மாணவி விடை காணாத கேள்விக்கு வருவோம். முன்பதிவு செய்தோரிற் சிலர் வராது விடுவது வழக்கம். ஆதலால், இருக்கும் அறைகளைவிடச் சிலவற்றை மேலதிகமாகப் பதிந்து வைக்கும் ஹோட்டல்கள் உண்டு. எல்லோரும் வந்துவிட்டால் இடர்ப்பாடு நேர்கிறது. அப்பொழுது செய்யத்தக்கது யாது? முதலில் அக்குடும்பத்தை அமரச் செய்து, குழந்தைக்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும். தவறு ஹோட்டலுடையது என்பதை மறையாது ஒப்புக்கொள்ள வேண்டும். கடமையிலிருக்கும் முகாமையாளருக்கு அறிவித்து, அயலிலே அதே தரமான, அல்லது அதனிலும் உயர்ந்த ஹோட்டலில் அறை தேட வேண்டும். அவர் அனுமதியுடன், வாகனச் செலவையும் கட்டண வித்தியாசத்தையும் ஹோட்டலே ஏற்கும் என்று கூறி அனுப்பிவைக்க வேண்டும். மறுநாள் அறை கிடைக்குமாயின், அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். இவ்வளவையும் இலக்கணப் பிழையுள்ள ஆங்கிலத்திற் சொன்னாலும், கேட்பவர் மனம் நிறைவுறும். அழகிய ஆங்கிலத்தில் “அறை இல்லை” என்றால் நிறைவுறாது.

மற்றொரு கேள்வி நம்பிக்கை பற்றியது. “305ஆம் அறையில் இருப்பவர் என் கணவர், இன்னொரு திறப்புத் தாருங்கள்” என்று ஒருவர் கேட்கிறார். உடனே கொடுப்பது இரக்கம்போலத் தோன்றும். ஆனால் அது பெருந் தவறு. அவருடைய பெயர் அவ்வறைக்குரிய பதிவில் உண்டா என்று பார்க்க வேண்டும். அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். பெயர் இல்லையெனில், அறையிலுள்ளவரின் சம்மதம் பெற வேண்டும். பிறர் கேட்க அறை இலக்கத்தை உரத்துச் சொல்வதும், இன்னார் இங்கே தங்கியிருக்கிறாரா என்று தொலைபேசியில் வினவும் அந்நியருக்கு ஆமென்று விடையளிப்பதும் ஆகா. விருந்தினரின் உயிருக்கும் உடைமைக்கும் காவலாக நிற்பது அந்த மேசையாகும்.

நம் பிள்ளைகளிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறேன். பெரியோர் முன்னிலையில் நிலத்தைப் பார்த்துப் பேசுவது மரியாதை என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். நேர்முகப் பரீட்சையிலோ அது எதையோ மறைப்பதுபோலத் தோன்றிவிடுகிறது. வினவுபவரின் முகத்தைப் பார்த்து, கேள்வி முழுவதையுங் கேட்டு, விளங்காவிடின் “மீண்டும் ஒருமுறை கூறுவீர்களா?” என்று கேட்டு, அதன்பின் விடையளிக்கலாம். இதனை வீட்டிலே தந்தையையோ அண்ணனையோ எதிரில் அமர்த்திப் பழகுதல் வேண்டும்.

ஆங்கிலம் இன்றியமையாததே, சிங்களமும் பெரிதும் உதவும். அதேவேளை தமிழையும் ஒரு தகைமையாகச் சொல்லிக்கொள்ளத் தயங்கற்க. 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் இலங்கைக்கு வந்தனர். 2019இன் குண்டுத் தாக்குதல்களும், பின்வந்த கொள்ளைநோயும், 2022இன் பொருளாதார நெருக்கடியும் அத்தொகையை வீழ்த்தின. 2024இல் அது மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டில் வந்தோருள் முதலிடம் பெற்றவர்கள் இந்தியர். அவர்கள் மட்டும் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் தமிழ் பேசுவோரும் உளர். முதிய தாயொருத்தி தன் மருந்தைப்பற்றித் தன் மொழியிலே பேச இயலுமாயின், அது அந்த ஹோட்டலுக்குப் பெரும் பேறன்றோ?

முறையாகப் பயில விரும்புவோருக்கு, 1960களில் ஹோட்டற் பாடசாலையாகத் தொடங்கி, இன்று இலங்கைச் சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம் என வழங்கும் அரசாங்க நிறுவனத்திலே வரவேற்புப் பகுதிக்குரிய பயிற்சிகள் உண்டு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஹோட்டல் வேலை இழிவானது என்றோ, பெண்பிள்ளைகளுக்கு ஆகாதது என்றோ வாளாவிருத்தல் வேண்டா. ஐயமிருப்பின் கேட்டறியுங்கள். இரவுக் கடமைக்குப் பாதுகாப்பான போக்குவரத்து உண்டா? நியமனக் கடிதந் தரப்படுமா? ஊழியர் சேமலாப நிதிக்கு உரிய பங்கு, அதாவது ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும், செலுத்தப்படுமா? சேவைக் கட்டணம் ஊழியரிடையே எவ்வாறு பகிரப்படும்? நேர்முகப் பரீட்சையின் முடிவிலே “உமக்குக் கேட்க ஏதும் உண்டா?” என்று வினவும்போது, பிள்ளையே இவற்றைப் பணிவுடன் கேட்கலாம். வேலை பெற்றுத் தருவதாகப் பணங் கேட்பவரை மட்டும் நம்பற்க.

அம்மாணவி கொப்பியை மூடி வைத்தாள். ஒரு மாதகாலம் நானும் சக ஆசிரியர்களும் மாறி மாறிக் கோபங்கொண்ட விருந்தினராயும், திறப்பை இழந்தவராயும், கணக்கிற் பிழை கண்டவராயும் அவள்முன் நின்றோம். முதல் வாரம் அவள் திணறினாள். நான்காம் வாரம் எங்களையே அமரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அடுத்த பரீட்சையில் வேறொரு ஹோட்டல் அவளைத் தெரிவு செய்தது. இன்று புதிதாய்ச் சேர்வோருக்கு அவளே வேலை பழக்குகிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இத்தகைய அழைப்புக் கடிதம் வந்திருக்குமாயின், இன்றிரவே ஒரு மேசையை நடுவில் வைத்து, நீங்கள் களைத்து வந்த விருந்தினராக அதன் முன்னே நின்று பாருங்கள்.