எரிபொருள் நிரப்பும் வேளை

வாளையாறு தாண்டிப் பாலக்காட்டில் குடியமர்ந்த நம்மவர் இல்லங்களிலும், இடுக்கி மலைமீது மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டக் குடும்பங்களிலும் இன்று பொறியியல் பயிலும் பிள்ளைகள் உண்டு. அவர்களுள் ஒருவன் விடுமுறைக்கு வந்து, "கல்லூரியில் திரவ ராக்கெட் செய்கிறோம்" என்றால், "அது வெடித்துவிடாதா?" என்று தாய் கேட்பது இயல்பே. நெருப்பு மூட்டும் வேளையைக் காட்டிலும், அதற்கு முன் எரிபொருள் நிரப்பும் வேளையே அவள் கவலைக்கு உரியது என்பது நம் கருத்து.

தீபாவளி வாணத்தில் மருந்து முன்னமே கெட்டித்து வைக்கப்பட்டுள்ளது. பற்றியபின் அதை நிறுத்த இயலாது. 1963 நவம்பர் 21ஆம் நாள் கேரளத்துத் தும்பாவிலிருந்து எழுந்த ராக்கெட்டும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. திரவ ராக்கெட்டிலோ எரிபொருள் ஒரு தொட்டியிலும், அதை எரிக்கும் பிராணவாயு மற்றொரு தொட்டியிலும் இருக்கும். வால்வை மூடினால் நெருப்பு அணையும். ('வால்வு' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி அலைந்து, வால்வு என்றே விட்டுவிட்டோம்.)

மண்ணெண்ணெயை நிரப்புவதில் பெருஞ்சிரமம் இல்லை. திரவப் பிராணவாயுவோ பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிப்பது. வெறும் குழாயில் புகுந்ததும், காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்போல் சீறி ஆவியாகும். ஆகவே முதலில் சிறிது சிறிதாகச் செலுத்திக் குழாயையும் தொட்டியையும் குளிர்விக்கின்றனர். ஆவியானால் அது ஏறத்தாழ 860 மடங்கு விரியும். வெளியேற வழியில்லையேல் தொட்டி பிளந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் உறைந்து வால்வை அசையாமற் செய்வதும் உண்டு. இவற்றினும் கொடியது எண்ணெய்ப்பசை. குழாயினுள் எஞ்சிய சிறிதளவு கிரீஸ்கூடப் பிராணவாயுவில் தீப்பற்றக்கூடும். எந்த மாமியாரும் பாத்திரத்தை அவ்வளவு கடுமையாகச் சோதித்திரார்.

அதனால் நிரப்பும்போது ராக்கெட்டின் அருகே ஆள் இருத்தல் ஆகாது. தொலைவிலுள்ள பாதுகாப்பறையிலிருந்தே மின்விசையால் வால்வுகளைத் திறக்கவும் மூடவும் வேண்டும். "பக்கத்தில் நின்று நிரப்பினோம்" என்று மகன் பெருமை பேசினால் தாய் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

நிரப்பியதைத் திரும்ப வடிப்பதற்கும் வழி இருத்தல் வேண்டும். வடிக்க மனமும் வேண்டும், அதுவே அரிது. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. டி-5 புறப்பட 74 நிமிடங்களே இருந்தபோது, இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது. நாடே காத்திருந்தும் ஏவுதல் நிறுத்தப்பட்டது, திரவங்கள் வடிக்கப்பட்டன. கசிந்த அடுக்குக்குப் பதிலாகப் புதியது பொருத்தி, 2014 ஜனவரி 5 அன்று அதே ராக்கெட்டை வெற்றியுடன் செலுத்தினர்.

சென்னை ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தின் இளைஞர்களும் இவ்வாறே பலமுறை தள்ளிவைத்து, 2024 மே 30 அன்று தங்கள் முதல் ராக்கெட்டை விண்ணோக்கி அனுப்பினர். அதிலும் திரவப் பிராணவாயுவும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுமே. கனடாவின் மாண்ட்ரியல் நகரத்துக் கன்கார்டியா பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டிய ஸ்டார்செய்லர் என்னும் திரவ ராக்கெட், 2025 ஆகஸ்டில் கியூபெக் மாகாணத்தின் வடபகுதியிலிருந்து எழுந்தது. அது விண்வெளியை எட்டவில்லை. எனினும் நிரப்பும் வேளையைத் தாண்டி மேடையைவிட்டுக் கிளம்பிற்று.