தோட்டத்து ரோட்டுக்கு டயர் காற்று இறக்கும் கருவி: எதை வாங்குவது?

மழைக் காலத்தில் தோட்டத்து ரோட்டில் வான் சேற்றில் சிக்கினால் நம்ம டிரைவர்மார் முதலில் தேடுவது ஒரு குச்சி. வால்வு மூடியைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஊசியை அமுக்கி, "புஸ்" என்று காத்தை இறக்குவார்கள். எவ்வளவு இறங்கியது என்று கேட்டால், "கண்ணால பார்த்தா தெரியாதா?" என்பார்கள். தெரியாது. 30 இறாத்தல் காற்றுள்ள டயருக்கும் 22 இறாத்தல் உள்ள டயருக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் 24, மறுபக்கம் 16 என்று நின்றால் வண்டி வளைவில் ஒரு பக்கமாக இழுக்கும். பிரசவ வலியோடு ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் இறங்கும் வண்டி அப்படி இழுத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் படர்ந்து அதிக மண்ணைப் பிடிக்கும். பாரம் பரவுவதால் புதைவது குறையும். கூரான கல்லிலும் டயர் வளைந்து கொடுக்கும். இது புதுசு அல்ல. இரண்டாம் உலகப் போரில் ஓடிய 'டக்' என்ற நீர்-நில லொறியில் டிரைவர் இருக்கையில் இருந்தபடியே காற்றைக் கூட்டிக் குறைக்க வசதி இருந்தது.

கொலன்னாவை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வான், ஜீப் ஓட்டும் நம்ம பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு சந்தேகம் கேட்பார்கள்: "கொழும்பில் அடிச்ச காத்து மலை ஏறினா கூடிடுமா?" கூடும், ஆனால் குளிர் அதைக் குறைக்கும். நுவரெலியா 6,000 அடிக்கு மேல் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து மானி சுமார் 3 இறாத்தல் கூடுதலாகக் காட்டும். குளிரோ கிட்டத்தட்ட 2 இறாத்தலை இறக்கிவிடும். ஆகவே உயரத்துக்காக மட்டும் காற்று இறக்கத் தேவையில்லை.

கருவிக்கு வருவோம். முதலாவது, வட்ட முகம் வைத்த மானி. பக்கத்தில் ஒரு பொத்தான், அமுக்கினால் காற்று வெளியேறும். மெதுவான வேலைதான், ஆனால் பார்த்துப் பார்த்து இறக்கலாம். இரண்டாவது, வால்வில் திருகி விடும் சின்னப் பித்தளைக் குமிழ். முன்கூட்டியே அளவு வைத்துவிட்டால் அந்த அளவில் தானாக நின்றுவிடும். நாலு சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் மாட்டலாம். ஆனால் உள்ளே மண் போனால் சொன்ன இடத்தில் நிற்காது, கடைசியில் மானியால் பார்த்தே ஆகணும். மூன்றாவது, வால்வின் உள் ஊசியையே கழற்றி எடுத்து காற்றை விடும் வகை. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பெனி செய்வது இந்த வகை. எல்லாவற்றிலும் வேகமானது இதுதான். கை தவறினால் ஊசி இருட்டில் புல்லுக்குள் போய்விடும், ஆகவே மாற்று ஊசி இரண்டு பையில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், மாதம் ஒருமுறை மேலே வரும் வானுக்கு முதல் வகை போதும். அடிக்கடி கரடுமுரடான ரோட்டில் ஓடும் ஜீப்புக்கு மூன்றாவது வகை வாங்கலாம். எதுவானாலும் திரும்பக் காற்றடிக்கக் கால் பம்போ பேட்டரி பம்போ இல்லாதவர் இந்தக் கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது. இறக்கிய காத்தோடு தார் ரோட்டில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். சேற்றுப் பாதைக்கு ஜீப்பில் 20, 22 இறாத்தல் வரை இறக்கலாம்; 15க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று விடக்கூடும்.

த்ரீவீலருக்கும் கொழுந்து லொறிக்கும் இது சரிவராது. டியூப் உள்ள டயரில் காற்று குறைந்தால் டயர் ரிம்மில் சுழன்று வால்வு அறுந்துபோகும். வளையம் மாட்டிய லொறி ரிம் இன்னும் ஆபத்தானது. காற்று குறைந்து ஓடிய பின் திரும்ப அடிக்கும்போது அந்த இரும்பு வளையம் பறந்து ஆளையே கொன்றுவிடும். பாரம் ஏற்றிய லொறியில் ஒருபோதும் காற்று இறக்காதீர்கள். டிரெக்டரின் பின் டயர் ஏற்கெனவே குறைந்த காற்றில் ஓடுவதற்கென்றே செய்தது, அதையும் தொட வேண்டாம்.

பஞ்சிகாவத்தைக் கடைகளில் மானி வாங்கப் போகிறவர் ஒரே டயரில் இரண்டு மூன்று மானியை வைத்துப் பார்க்கட்டும். ஒன்று மட்டும் தனியாக வேறு அளவு காட்டினால் அதை ஒதுக்கிவிடலாம். எதிலும் மாட்டாத நேரத்தில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அளவை இறாத்தலில் காட்டுகிறதா, பாரிலா என்றும் கேளுங்கள்: ஒரு பார் என்றால் ஏறக்குறைய பதினாலரை இறாத்தல். அளப்பது வண்டி ஓடும் முன், டயர் சூடேறாத நேரத்தில்.