ஷீட்டைக் கழற்றலாம், மண்ணைக் கழற்ற முடியுமா?

சொந்த மனை தேடும் நம்மவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் நிலைய வாசலில் நின்றால் ஒரு நோட்டீஸ் கைக்கு வந்து சேரும். "சொந்த மனை! குறைந்த விலை! தவணை வசதி! போக வர வேன் இலவசம்!" அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொள்பவர்களில் நம்மவர்கள் ஏராளம். ஸ்ரீராமபுரத்திலும் ஓகளிபுரத்திலும் அல்சூரிலும் பத்துக்குப் பத்து அறைக்குள் குடும்பம் நடத்திக் கொண்டு, வருடா வருடம் வாடகை ஏறுவதைப் பார்த்துக் கொண்டிருப்பவர்களுக்கு அந்த நோட்டீஸ் லாட்டரிச் சீட்டு மாதிரி.

நானும் அப்படி வாங்கி வைத்தவன்தான். ரயில்வேயில் குமாஸ்தா வேலை. கையில் சீட்டுப் பணம் கொஞ்சம், மனைவியின் கழுத்தில் இருந்தது கொஞ்சம்.

நம்மவர்களின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் ஒரு 'முப்பது நாற்பது' சைட். முடியாவிட்டால் 'இருபது முப்பது'. அதில் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, மேலே ஷீட் போட்டுக் குடியேறிவிடுவது. வாடகை மிச்சமாகும் பணத்தில் பத்து வருடம் கழித்துக் காங்கிரீட் தளம் போடுவது. "ஷீட் வீடுதானே சார், நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் கழற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டு போகலாம்" என்று புரோக்கர் சமாதானம் சொல்வார். இந்த ஒரு வார்த்தையில் ஏமாந்தவர்கள் அநேகம்.

அமெரிக்காவில் வீட்டையே தொழிற்சாலையில் செய்து, சக்கரம் மாட்டி இழுத்துக் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். 'மொபைல் ஹோம்' என்று பெயர். வீடு சொந்தம், அது நிற்கும் மண் பலருக்கு வாடகை. மண்ணின் சொந்தக்காரர் இடத்தை விற்றுவிட்டால் வீட்டை நகர்த்த ஆகும் செலவைக் கேட்டுப் பலர் திகைத்துப் போகிறார்கள். சக்கரம் வைத்த வீட்டுக்கே இந்தக் கதி என்றால், நம் ஷீட் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஷீட்டைக் கழற்றலாம். மண்ணுக்குக் கொடுத்த பணத்தை எப்படிக் கழற்றுவது?

'இது கெரெ அங்கள, சாமி!'

சில வருடங்களுக்கு முன் நடந்தது. கிருஷ்ணராஜபுரத்தைத் தாண்டி ஓர் இடத்துக்கு வேனில் அழைத்துப் போனார்கள். செம்மண் ரோடு, வெள்ளை அடித்த எல்லைக் கற்கள், நடுவில் ஒரு பிள்ளையார். முப்பது நாற்பது சைட் ஒன்றுக்கு 50 ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். நகை அடகுக் கடைக்குப் போயிற்று. கன்னடத்தில் எழுதிய ஸ்டாம்ப் பேப்பரில் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்க வெட்கம்.

ஒரு வாரம் கழித்து இரவெல்லாம் மழை. மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தேன். என் சைட்டில் முழங்கால் தண்ணீர். ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது கெரெ அங்கள, சாமி!" என்றார். கெரெ என்றால் ஏரி. அங்கள என்றால் அதன் படுகை. கன்னடம் தெரிந்த ஆடு மேய்க்கும் பாட்டிக்குத் தெரிந்தது, ஆபீஸில் ஃபைல் பார்க்கும் எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் அலைந்து 20 ஆயிரத்தைத் திரும்ப வாங்கினேன். மீதி போனது போனதுதான்.

பெங்களூர் ஏரிகளின் ஊர். இன்று பஸ் ஏறும் மெஜஸ்டிக் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருப்பது சம்பங்கி ஏரியில். ஒரு ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போக வெட்டிய பெரிய கால்வாய்க்கு 'ராஜகாலுவெ' என்று பெயர். கோடையில் அது வெறும் பள்ளமாகத் தெரியும். மழைக்குத் தன் வழி மறப்பதில்லை.

2016 ஆகஸ்டில் அவனி சிருங்கேரி நகர் போன்ற இடங்களில், ராஜகாலுவெ மேல் கட்டியவை என்று சொல்லி மாநகராட்சி பல வீடுகளை இடித்தது. வீட்டுக்காரர்கள் பதிவுப் பத்திரத்தையும் வரி ரசீதையும் கையில் பிடித்துக் கொண்டு நின்றார்கள். 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபூர் ரோடு பக்கம் பங்களாவாசிகளே டிராக்டரில் ஏறி வெளியேறினார்கள். பணக்காரருக்கு வேறு வீடு இருக்கும். நமக்கு?

ஆகவே முதல் வேலை, பெரிய மழைக்கு மறுநாள் போய்ப் பார்ப்பது. இரண்டாவது, அக்கம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த வயதானவரைக் கேட்பது. மூன்றாவது, கையில் ஸ்மார்ட் போன் இருந்தால் கர்நாடக அரசின் 'திஷாங்க்' செயலியைத் திறந்து சைட்டின் நடுவில் நிற்பது. எந்தக் கிராமம், எந்த சர்வே நம்பர் என்று அது காட்டும். ஏரியும் கால்வாயும் கிராம வரைபடத்தில் இருந்தால் அதுவும் தெரியும்.

வயலா, மனையா?

வயலை வாங்கிக் கல் நட்டுவிட்டால் அது மனையாகிவிடாது. 1964ஆம் வருடத்துக் கர்நாடக நில வருவாய்ச் சட்டப்படி விவசாய நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றப் பொதுவாக மாவட்ட அதிகாரியின் அனுமதி வேண்டும். கன்னடப் பத்திரத்தில் இதற்கு 'பூ பரிவர்த்தனெ' என்று எழுதுவார்கள். அதற்கு மேல், லே-அவுட் வரைபடத்துக்குத் திட்ட அதிகாரத்தின் ஒப்புதல் வேண்டும். பெங்களூரில் இந்தப் பொறுப்பு நெடுங்காலம் 1976ஆம் வருடச் சட்டப்படி ஏற்பட்ட பி.டி.ஏ.வுக்கு இருந்தது, வெளிப் பகுதிகளுக்கு வேறு திட்ட அதிகாரங்கள் உண்டு. இந்த இரண்டும் இல்லாமல் துண்டு போட்டு விற்பதைத்தான் 'ரெவின்யூ சைட்' என்கிறோம்.

"2020இல் சட்டம் மாறிவிட்டது, இப்போது விவசாய நிலத்தை யாரும் வாங்கலாம்" என்று புரோக்கர் சொல்வார். பாதி உண்மை. விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்ற தடை 2020இல் நீங்கியது உண்மைதான். வயலை வயலாக வாங்கலாம். அதில் வீடு கட்ட அனுமதி தந்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. முப்பது நாற்பது சைட் 1,200 சதுர அடி. ரோடு, பார்க், சாக்கடை ஒன்றுமே விடாமல் அறுத்தாலும் 36 சைட்தான் வரும். முறையான லே-அவுட்டில் ரோட்டுக்கும் பொது இடத்துக்கும் விட்டது போக 20 சைட் தேறினால் அதிகம். ஏக்கருக்கு 30 சைட் என்று எவராவது சொன்னால் எதிர்காலத்தில் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டை 2016ஆம் வருட 'ரேரா' சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்த நம்பரைக் கேட்டு வாங்கிச் சரி பாருங்கள்.

யாருடைய மண்?

நிலத்தின் ஜாதகம் 'பஹணி'. ஆர்.டி.சி. என்றும் சொல்வார்கள். அதைப் படிக்கும்போது மூன்று வார்த்தைகள் வந்தால் விழித்துக் கொள்ள வேண்டும். 'கோமாள' என்றால் மேய்ச்சல் நிலம், அரசாங்கத்தின் சொத்து. 'பி கராபு' என்றால் ரோடு, ஓடை போன்ற பொது உபயோகத்துக்கு விட்ட பகுதி. 'மஞ்சூரு' என்றால் அரசாங்கம் ஒருவருக்கு வழங்கிய நிலம்.

மூன்றாவது வார்த்தை மிக முக்கியம். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்பது 1978ஆம் வருடச் சட்டம். மீறி விற்றால் அந்த விற்பனை செல்லாது. நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். எத்தனை வருடம் கழித்தும் இந்தக் கோரிக்கையை எழுப்பலாம் என்று 2023இல் திருத்தமும் வந்துவிட்டது. ஏழையிடமிருந்து நிலத்தைப் பறிக்காமல் இருக்க வந்த நல்ல சட்டம் அது. விஷயம் தெரியாமல் வாங்கி, இரண்டு ஏழைகள் கோர்ட்டில் எதிரெதிராக நிற்பதுதான் கொடுமை.

காத்தா வேறு, உரிமை வேறு

"காத்தா இருக்கிறது, வரி கட்டுகிறோம்" என்பதையே பலர் உரிமைப் பத்திரமாக நினைக்கிறார்கள். காத்தா என்பது வரி வசூலிக்க வைத்திருக்கும் கணக்கு. அதிலும் 'பி' காத்தா என்றால், குறை உள்ள சொத்துக்கும் வரி வாங்கத் தனியாக எழுதிய கணக்கு. பின்னால் சரி செய்து தருவார்கள் என்று நம்பியவர்கள் 'அக்கிரம-சக்கிரம' திட்டத்தை நினைத்துக் கொள்ள வேண்டும். 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை விதித்தது. திட்டம் வரலாம், நிற்கலாம். அதை நம்பி மனை வாங்கக் கூடாது.

அதே போல அக்ரிமெண்டும் பவர் பத்திரமும் நிலத்தை நம் பெயருக்கு மாற்றாது. பவர் பத்திரம் மூலம் நடக்கும் விற்பனை உரிமையைத் தராது என்று 2011 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவு செய்த 'கிரய பத்ர' ஒன்றுதான் செல்லும். 'கராரு' என்று தலைப்பில் இருந்தால் அது வெறும் ஒப்பந்தம். வில்லங்கச் சான்றிதழும் பதிவானதை மட்டுமே காட்டும். பதிவாகாத பாகப்பிரிவினையும் பங்காளித் தகராறும் அதில் வராது. குறைந்தது 30 வருடத்துக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கடன் கிடைக்குமா என்று கேளுங்கள்

மத்திய அரசு ஊழியர்களுக்கு வீட்டு முன்பணம் உண்டு. 2017 விதிகளின்படி 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம், இதில் எது குறைவோ அது வரை கிடைக்கும். உரிமை சுத்தமாக இல்லாத மண்ணுக்குத் தரமாட்டார்கள். பாங்கும் அப்படியே. கடன் வேண்டாம் என்று இருப்பவர்கள்கூட, காகிதங்களின் நகலைக் காட்டி "இதற்குக் கடன் தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள். ஒரு வக்கீல் சொல்வதை அங்கே இலவசமாகத் தெரிந்து கொள்ளலாம். ரயில்வே நண்பர்கள் சொத்து வாங்கும் முன் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஓசூர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே காகிதம் தமிழில் இருப்பது சௌகரியம்தான். ஆனால் அங்கீகாரம் இல்லாத மனை அங்கேயும் உண்டு. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் தமிழக அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. அந்த மனை எந்த வகை என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வேனில் போகாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை வேனில் போனால் எல்லா ஊரும் அரை மணி தூரம்தான். திங்கட்கிழமை காலை நீங்கள் வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் அந்த இடத்திலிருந்து பஸ்ஸும் ரயிலும் பிடித்துப் பாருங்கள். மாலூரிலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் தினமும் வந்து போகிறவர்களை ஸ்டேஷனில் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒரு ரயிலை விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு.

தண்ணீரையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும். 2007இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காகக் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடக்கம் கண்டது. "காவிரி வரும்" என்று புரோக்கர் சொல்வதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் "போன கோடையில் டாங்கர் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேளுங்கள். உண்மை வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கன்னடக் காகிதத்தைப் படிக்கத் தெரியாது என்று வெட்கப்பட வேண்டாம். கன்னடம் படிக்கத் தெரிந்த நண்பரை உட்கார வைத்து வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் ஆபீஸிலும் ஃபாக்டரியிலும் அப்படி உதவும் கன்னட நண்பர்கள் எத்தனையோ பேர். பிறகு நீங்களே தேடிப் பிடித்த ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். புரோக்கர் அழைத்து வரும் வக்கீல் புரோக்கருக்குத்தான் வக்கீல்.

அந்த ஏரிப் படுகையில் எனக்கு இரண்டு சைட் தள்ளி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெயிண்டர் ஒருவர் முன்னதாகவே ஷீட் வீடு போட்டுக் குடியிருந்தார். ஊரில் இருந்த அரை ஏக்கரை விற்றுவிட்டு வந்தவர். இடத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது, தானே ஏறி ஷீட்டுகளைக் கழற்றினார். டெம்போவில் ஏற்ற நானும் கை கொடுத்தேன். பன்னிரண்டு ஷீட். ஒன்று உடைந்து போயிற்று.

"வீட்டைக் கொண்டாந்துட்டேன் சார். எங்கே இறக்குறதுன்னுதான் தெரியலே" என்றார்.

அவர் இப்போது லக்கெரெயில் வாடகை வீட்டில் இருக்கிறார். ஷீட்டுகள் மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்தபடி இருக்கின்றன. நானும் இன்னும் மனை தேடிக் கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் காகிதத்தைப் படித்துக் கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை. வாசகர்களும் அப்படியே இருந்தால் நான் இழந்த 30 ஆயிரம் வீண் போகவில்லை என்று நினைத்துக் கொள்வேன்.