அசையாப் புள்ளியின் அசைவு

புவியோட்டுத் தகடுகளின் நகர்வை அளப்பதற்கு அசையாத புள்ளியொன்று தேவை. 1963 இல் கனேடியப் புவிப்பௌதிகவியலாளர் ரியூசோ வில்சன் அத்தகைய புள்ளியை ஹவாய்த் தீவுகளின் அடியிற் கண்டார். மான்ரில் எனப்படும் ஆழ்படையிலுள்ள வெப்பப்புள்ளி நிலைத்துநிற்க, அதன்மேல் நகர்ந்த பசுபிக் தகட்டில் எரிமலைகள் வரிசையாகத் தோன்றின என்பது அவர் கொள்கை. அவ்வரிசையில் ஏறத்தாழ 47 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட வளைவுக்குத் தகட்டின் திசைமாற்றமே காரணமெனப் பின்னர் கொள்ளப்பட்டது.

இக்கொள்கையைச் சோதிக்கும் சான்று பாறைகளிலேயே உண்டு. எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகுகையில் அதன் காந்தக் கனிமங்கள் அக்காலப் புவிக்காந்தத்தின் சாய்வைப் பதிந்துகொள்கின்றன. அச்சாய்விலிருந்து பாறை உருவாகிய அகலக்கோட்டை நாம் கணிக்கலாம். வெப்பப்புள்ளி அசையாதிருந்திருப்பின், வரிசையின் பாறைகள் அனைத்தும் இன்றைய ஹவாய் எரிமலைகளின் 19 பாகையையே காட்டவேண்டும். ஆயின், 2001 இல் எம்பரர் கடலடி மலைகளிலிருந்து துளையிட்டெடுத்த தொன்மையான பாறைகள் அதற்கு வடக்கேயுள்ள அகலக்கோடுகளைக் காட்டின. 81 முதல் 47 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் வெப்பப்புள்ளியே ஆண்டுக்கு 40 மில்லிமீற்றருக்கு மேலாகத் தெற்கே நகர்ந்தது என யோன் ராடுனோ குழுவினர் 2003 இல் முடிவுசெய்தனர்.

எனவே அவ்வளைவைத் தகட்டின் திசைமாற்றத்தால் மட்டும் விளக்குதல் பொருந்தாது. அளக்கப்பட்ட பொருளுக்கு மட்டுமன்றி, அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.